பெயர் எழுதாத கல்லறைகள்

குன்றத்தூர் என்றால் பழைய தலைமுறைக்குச் சேக்கிழார் நினைவு வரும், மலைமேல் இருக்கும் முருகன் நினைவு வரும். இப்போது ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஷிப்ட் முடிந்து வரிசையாகத் திரும்பும் கம்பெனி பஸ்களும், ஒரகடம் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. இந்த இரண்டுக்கும் முந்திய ஊர் ஒன்றும் இங்கே உண்டு. அது இறந்தவர்களின் ஊர். பாலாற்றுக்கு வடக்கே, செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி, செம்புறாங்கல்லும் கருங்கல் குன்றுகளும் கலந்து கிடக்கும் இந்த மேட்டு நிலத்தில் இரும்புக் கால மக்கள் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்த கல்வட்டங்கள் ஏராளம். கிராமத்தார் அவற்றைப் பாண்டவர் குழி என்பார்கள். வனவாசம் வந்த பாண்டவர்கள் தங்கிய இடம் என்பது கதை. ஏர் ஓட்டும்போது தடுக்கும் பெரிய பாறாங்கற்கள் வட்டமாக ஏன் கிடக்கின்றன என்பதற்கு அந்தக் கதை போதுமானதாக இருந்தது.

2022-ல் இந்தியத் தொல்லியல் துறை ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் தோண்டியபோது நுண்கற்கருவிகள் தொடங்கிப் பல்லவர் காலம் வரையிலான தடயங்கள் கிடைத்தன. கிழக்கே சிறிது தூரத்தில், பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் சரளை மண்ணிலிருந்து ஒரு கற்கருவியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. ஆக, இங்கே மனிதர் வாழ்ந்த காலம் மிக நீண்டது. அதில் ஒரு கட்டத்தில்தான் அவர்கள் சாவுக்கென்று கல் சுமக்கத் தொடங்கினார்கள்.

கல்லறை என்று சொன்னால் படித்தவர் மனத்தில் எழுவது எகிப்து. அதில் தவறில்லை. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமனின் கல்லறை சிறியது, அவசரத்தில் முடிக்கப்பட்டது, இளவயதில் இறந்த ஒரு மன்னனுடையது. அதிலிருந்தே 5,398 பொருள்கள் வந்தன. முகமூடி மட்டும் சுமார் 10 கிலோ பொன், உட்பேழை சுமார் 110 கிலோ. இதைப் பார்த்த கண்ணோடு குன்றத்தூர்ப் பக்கத்துக் கல்வட்டத்தைப் பார்த்தால் அது ஒன்றுமில்லாததாகத் தெரியும். நம் கல்லறைகள் அழிந்துகொண்டிருப்பதற்கு ஜல்லித் தேவை, மனை விலை என்று காரணங்கள் பல இருந்தாலும், அவற்றை ஏழைக் கல்லறைகள் என்று நாமே முடிவு கட்டிவிட்டதும் ஒரு காரணம். அந்த முடிவு சரிதானா என்று பார்க்க எகிப்துக்குப் போய்த்தான் வர வேண்டும்.

பிரமிடுக்கு முந்திய எகிப்தில் தொடங்கலாம். கெபெலைன் என்ற இடத்தில் எடுக்கப்பட்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஆணின் உடல் ஏறத்தாழ கி.மு. 3400-ஐச் சேர்ந்தது. அவனுக்கு யாரும் தைலம் பூசவில்லை. கால்களை மடக்கி, கருவில் குழந்தை கிடக்கும் கோலத்தில், ஆழமில்லாத மணற்குழியில் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். சூடான மணல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதால் தோலோடு தங்கிவிட்டான். அந்தக் காலத்து எகிப்தியக் குழிகளில் இறந்தவரைச் சுற்றிப் பானைகள் இருக்கும். அவற்றில் ஒருவகை, அடிப்பகுதி சிவந்தும் வாய்ப்பகுதி கறுத்தும் பளபளப்பது. செங்கல்பட்டு வட்டாரக் குழிகளில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பார்த்தவர் அந்தப் படத்தைக் கண்டால் திடுக்கிடுவார். கருக்கோலம், குழி, கறுப்பும் சிவப்புமான பானை என எல்லாம் இங்கே இருப்பது போலவே இருக்கும்.

இந்த ஒற்றுமையில் வழுக்கி விழுந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். எகிப்திய அரச மம்மிகளை ஆராய்ந்து 1912-ல் பெருநூல் வெளியிட்ட உடற்கூற்று அறிஞர் எலியட் ஸ்மித், பெருங்கற்களும் உடலைப் பதப்படுத்தும் வழக்கமும் எகிப்திலிருந்தே உலகெங்கும் பரவின என்று நம்பினார். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றிச் சாலி சுக்கர்மன் எழுதி 1930-ல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட நூலில் எலியட் ஸ்மித்தின் குறிப்பும் இருக்கிறது. அவருடைய கொள்கை இன்று கைவிடப்பட்டது. இந்தப் பானைகள் காலத்தால் ஈராயிரம் ஆண்டு விலகியவை, இடையில் வழித்தடம் இல்லை. நிறமும் சூளையில் நடக்கும் வேலைதான். காற்றுப் படும் பக்கம் இரும்புச் சத்து சிவக்கிறது, சாம்பலிலோ உமியிலோ புதைந்து காற்றுப் படாத பக்கம் கறுக்கிறது. நல்ல களிமண்ணும் பொறுமையும் உள்ள எந்தக் குயவரும் இதைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியும். எலியட் ஸ்மித்தின் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பி, எகிப்தியரே இங்கிருந்து போனவர்கள் என்று இப்போது நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதும் அதே வழுக்கல்தான், திசை மட்டும் வேறு. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரே குழியில் தொடங்கிய இரு கூட்டத்தார் ஏன் இவ்வளவு வேறு வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் விடை சுவையாக இருக்கிறது.

எகிப்தியர் உடலைக் கைவிட மறுத்தார்கள். மனிதனுக்குள் கா, பா என்று உயிர்க்கூறுகள் இருப்பதாக அவர்கள் எண்ணினார்கள். கா உண்ண வேண்டும், பா பகலில் பறந்து திரிந்து இரவில் உடலுக்குத் திரும்ப வேண்டும். திரும்ப உடல் வேண்டுமே! அதனால் 70 நாள் சடங்கு. மூளையை மூக்கு வழியே எடுத்தெறிந்தார்கள், ஈரல், நுரையீரல், குடல், இரைப்பையைத் தனிச் சாடிகளில் வைத்தார்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள். மறுமையில் மாஅத் என்னும் அறத்தின் இறகோடு தராசில் ஏறப்போவது அதுதான். சாட்சி சொல்ல வேண்டிய உறுப்பை எப்படி எடுப்பது? சுவரில் தீட்டிய ஓவியமும் அலங்காரம் அன்று. வயல் வரைந்தால் வயல் விளையும், ரொட்டி வரைந்தால் ரொட்டி கிடைக்கும். துட்டன்காமனோடு 413 சிறு பாவைகள் வைக்கப்பட்டன. மறுமையில் கடவுள் கழனி வேலைக்குக் கூப்பிட்டால் மன்னனுக்குப் பதிலாக எழுந்து போவது அவற்றின் கடமை. மறுமையிலும் ஒப்பந்தத் தொழிலாளர் வைத்துக்கொண்ட நாகரிகம் அது.

ஒரகடம் வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தியும் அங்கே உண்டு. மன்னர் பள்ளத்தாக்குக் கல்லறைகளைக் குடைந்து தீட்டியவர்கள் தெய்ர் எல்-மதீனா என்ற தனிக் குடியிருப்பில் வாழ்ந்தார்கள். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1150-களில், படியளக்க வேண்டிய தானியம் நாள் கடந்தும் வராததால் கருவியைக் கீழே போட்டுவிட்டுக் கோவில் வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தமாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அந்தப் பதிவைக் கொண்ட பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் நகரத்தில் இருக்கிறது. பாரோவின் நித்திய வாழ்வு மூட்டைத் தானியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இங்கே நடந்தது வேறு. தமிழகத்து இரும்புக் கால மக்கள் பல இடங்களில் உடலைப் போக விட்டார்கள். சதை அழிந்த பிறகு எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, அதிலும் சிலவற்றை மட்டும் தேர்ந்து, தாழியிலோ, கற்பலகைகளால் அடைத்த கல்பதுக்கையிலோ, ஈமப்பேழையிலோ வைத்தார்கள். ஒரே குழியில் ஒன்றுக்கு மேற்பட்டவர் எலும்பு கிடைப்பது வழக்கம். எகிப்தில் உடல் துண்டாவது பேரச்சம். ஒசைரிஸைத் தம்பி வெட்டி எறிந்த துண்டுகளை இசிஸ் தேடிச் சேர்த்துக் கட்டியதுதான் அவர்களுடைய மூலக் கதை. நம்மவர்க்கு அந்த அச்சம் இல்லை.

குன்றத்தூரைச் சுற்றிய வட்டாரத்தின் தனிச் சிறப்பு அந்த ஈமப்பேழை. சுட்ட மண்ணால் தொட்டி வடிவில் செய்து, அடியில் வரிசை வரிசையாகக் கால்கள் வைத்திருப்பார்கள். பல்லாவரத்தில் இத்தகைய பேழைகளை அலெக்சாண்டர் ரீ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்தார். பின்னர் 1908 வாக்கில் பெரும்பேரில் தோண்டினார். சுதந்திரத்துக்குப் பின் சாணூரில் என். ஆர். பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும், அமிர்தமங்கலத்தில் பானர்ஜியும் தோண்டினார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருங்கற்சின்னங்கள் பற்றி 1956-ல் பானர்ஜி எழுதிய கட்டுரை இன்றும் ஆய்வாளர் கையில் புழங்குகிறது. ஆள் நீளப் பேழையை, அத்தனை கால்களோடு, வெடிக்காமல் சுடுவது லேசான காரியம் அன்று. ஏழைகளின் கைவேலை என்று சொல்பவர் அதைச் செய்து பார்க்கட்டும்.

கல்வட்டத்தின் உழைப்பும் அப்படித்தான். குழி வெட்டி, பேழையையோ தாழியையோ இறக்கி, பானைகளும் இரும்புக் கருவிகளும் வைத்து மூடி, மேலே கற்குவியல் போட்டு, சுற்றிலும் பாறைகளை உருட்டி நிறுத்த வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் இது ஆகாது, ஊர் திரள வேண்டும். பிரமிடுக்கும் ஊர் திரண்டது உண்மைதான். அங்கே ஒருவனுக்காக நாடு உழைத்தது. இங்கே சிறு சிறு கூட்டங்கள் தங்கள் ஆட்களுக்காகத் தாங்களே உழைத்தன. எல்லோருக்கும் கல்வட்டம் கிடைத்திருக்காது, மேல்கீழ் இங்கும் இருந்தது. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வின் அளவு வேறு.

கல்பதுக்கைகள் பலவற்றின் பக்கப் பலகையில் வட்டமான துளை ஒன்று இருக்கும். ஆவி போய்வரும் வழி என்று சொல்வதுண்டு. எகிப்தியக் கல்லறையிலும் கா வந்து போக வாசல் உண்டு. அது கனத்த கல்லில் கதவு போலச் செதுக்கியது மட்டுமே, கை நுழையாது. அதன் முன்னே படையல் வைப்பார்கள். நம் துளை நிஜமான துளை. அடுத்த ஆள் இறந்தபோது மூடியைப் புரட்டாமல் எலும்பை உள்ளே சேர்க்கவும் அது உதவும். அங்கே ஒரு முறை முத்திரையிட்டு மூடியது. இங்கே வீட்டு வாசல்போல் மறுபடி பயன்பட்டது.

நம்பிக்கையைப் பற்றி எகிப்தில் சுவர் பேசுகிறது. இங்கே இலக்கியத்தைத்தான் கேட்க வேண்டும், அதுவும் பிற்காலத்தது. புறநானூற்றில் கணவனை இழந்தவள் ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமான தாழி வனையச் சொல்லிக் குயவரிடம் வேண்டும் பாட்டு இருக்கிறது. மணிமேகலை சுடுவது, வெறுமனே இடுவது, தோண்டிய குழியில் படுப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என ஐந்து முறைகளை ஒரே சுடுகாட்டில் அடுக்குகிறது. ஒரே காலத்தில், ஒரே ஊரில், பல வழக்கங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

இந்த இடத்தில் குன்றத்தூர்க்காரர் ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கத் தோன்றுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் மயிலாப்பூர் பூம்பாவையின் கதை வருகிறது. சிவநேசரின் மகள் பாம்பு தீண்டி இறக்கிறாள். தந்தை உடலை எரித்து, எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காக்கிறார். ஆண்டுகள் கழித்துத் திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, குடம் உடைந்து பெண் வெளியே வருகிறாள். இறந்தபோதிருந்த சிறுமியாக அன்று, இடைப்பட்ட ஆண்டுகளும் சேர்ந்து வளர்ந்தவளாக. பக்தர்களுக்கு இது அற்புதம். தொல்லியல் படித்தவருக்கு இன்னொன்றும் தெரியும். தாழியைத் தாயின் கருப்பையாகவும், மடக்கி வைத்த உடலைக் கருவாகவும் ஆய்வாளர்கள் விளக்கி வந்திருக்கிறார்கள். எலும்பைச் சேர்த்து வைத்த குடத்துக்குள் உயிர் வளர்கிறது என்ற எண்ணத்தைச் சேக்கிழார் கதையாகச் சொல்கிறார். இரும்புக் காலத்திலிருந்து அவருக்கு நேராக வந்தது என்று நான் சாதிக்கவில்லை, இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கிடக்கின்றன. ஆனால் தாழிகள் புதைந்த மண்ணில் பிறந்த கவி, மம்மியை அன்று, குடத்தில் கிடந்த எலும்பைத்தான் எழுப்பினார். எகிப்தியர் இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். எரித்த உடலுக்கு அவர்கள் கணக்கில் எதிர்காலமே கிடையாது.

இன்றும் சுடுகாட்டில் மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கி மண்கலயத்தில் போடுகிறோம். முதல் நாள் கொள்ளி வைப்பவன் தோளில் நீர்க்குடம் சுமந்து, துளையிட்ட குடத்தோடு சுற்றி வந்து பின்னால் போட்டு உடைக்கிறான். குடத்தை விட்டுவிட்டுத் தமிழர் சாவைப் பற்றிப் பேசவே முடியாது.

கலை என்று எதைச் சொல்வது என்ற கேள்விக்கும் இப்போது வரலாம். எகிப்தைப் போலச் சுவரோவியம் தேடினால் கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் கல்திட்டைகள் சிலவற்றின் உட்பக்கம் வெள்ளை வண்ண ஓவியங்கள் உண்டு. ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் தாழி ஒன்றுக்குள்ளிருந்து வந்த ஓட்டில் பெண், பறவை, மான், முதலை ஆகியவை ஒட்டுருவமாக இருந்தன. அங்கேயே ரீ எடுத்த பொற்பட்டங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தோடு தொடர்புடையவர்கள் நன்கு அறிவார்கள். கொடுமணலில் ஒரே கல்லறையில் ஈராயிரத்துக்கு மேல் சூதுபவளமணிகள். பழனிக்கருகே பொருந்தலில் கல்பதுக்கை ஒன்றில் சாடியில் வைத்த சுமார் இரண்டு கிலோ நெல் கி.மு. 490 வாக்கில் கணிக்கப்பட்டது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் அதே சிவகளையில் இரும்போடு கிடைத்தவற்றுக்கு கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பு வெளியானது. இரும்பின் வரலாற்றையே புரட்டக்கூடிய அந்த எண்ணை அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கொண்டாடுவதற்கு முன் இன்னும் சில இடங்களிலிருந்து அதே விடை வர வேண்டும் என்பது என் கருத்து.

இத்தனை இருந்தும் ஒன்று இல்லை, பெயர். எகிப்தில் பெயர் அழிந்தால் ஆள் இரண்டாம் முறை சாகிறான். வேண்டாதவர்களின் பெயரைச் சுவரிலிருந்து கொத்தி எடுத்தது அதனால்தான். வழிப்போக்கனே, நில், என் பெயரைச் சொல், ஆயிரம் ரொட்டியும் பீரும் எனக்குக் கிடைக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல் என்று கல்லறைச் சுவர்கள் கெஞ்சும். நம் தாழிகளிலும் பானைகளிலும் கீறல் குறிகள் இருக்கின்றன, பொருந்தல் போன்ற இடங்களில் சில எழுத்துகளும் கிடைத்தன. ஆனால் இன்னார் இங்கே கிடக்கிறார் என்று கல்வட்டம் எதுவும் சொல்வதில்லை. வீரனுக்குப் பெயரோடு கல் நடும் வழக்கம் பிறகு வந்தது.

இதை நினைக்கும்போது அண்மையில் வந்த ஒரு செய்தி வேடிக்கையாக இருக்கிறது. ராம்சேஸ் மன்னர் ஒருவரின் மூக்கில் மிளகு போனது நமக்குத் தெரியும். கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மம்மியில் அது கிடைத்தது. செங்கடல் துறைமுகங்களான குசேர் அல்-காதிமிலும் பெரனிகேயிலும் தமிழ்ப் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்ததும் தெரியும். மன்னர் பள்ளத்தாக்கில் ஆறு கல்லறைகளுக்குள் தமிழ், பிராகிருதம், சமஸ்கிருதம் ஆகியவற்றில் சுமார் 30 கீறல்களைப் பாரிஸின் சார்லோட் ஷ்மிட்டும் லொசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ராவுக்கும் படித்திருக்கிறார்கள் என்று 2026 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் தெரியவந்தது. ரோமானியர் காலத்தில் கிரேக்கரும் இலத்தீன்காரரும் வேடிக்கை பார்க்க வந்து சுவரில் பெயர் கீறிய இடம் அது. சிகை கொற்றன் என்ற தமிழன் ஐந்து கல்லறைகளில் எட்டு முறை தன் பெயரைக் கீறியிருக்கிறான். சொந்த ஊரில் பெயர் எழுதாத கல்லறைகளைப் பார்த்து வளர்ந்தவன், பெயருக்காகவே கட்டிய கல்லறைக்குள் போனதும் தன் பெயரை எழுதிவிட்டு வந்திருக்கிறான். எகிப்தியக் கணக்குப்படி அவன் இப்போது சாகாதவன்.

கல்லின் கதைக்குத் திரும்புவோம். பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருங்கல்லுக்கு 1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோப் சார்னக்குக்கு வைத்த கல்லறைக்கல் இந்தப் பாறையால் ஆனது, அதனால் அந்தப் பெயர். உலகப் புவியியல் பாடநூலில் நம் வட்டாரப் பாறை ஒரு வெள்ளைக்காரரின் கல்லறைப் பெயரோடு நிற்கிறது. அதே குன்றுகளைத்தான் கிரஷர்கள் பல பத்தாண்டுகளாக ஜல்லியாக்கிச் சென்னையைக் கட்டின. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தபின் சிப்காட் வளாகங்கள், கிடங்குகள், வெளிவட்டச் சாலை, மனைப்பிரிவுகள் வரிசையாக வந்தன. தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, லட்சக்கணக்கானவர் சோறு அதில் இருக்கிறது. ஆனால் மேட்டு நிலம், சரளை மண், நீர் தேங்காத இடம் என்று இரும்புக் காலத்தவர் சாவுக்குத் தேர்ந்த அதே நிலத்தைத்தான் கிராவல் எடுப்பவரும் கிடங்கு கட்டுபவரும் தேடுகிறார்கள். எகிப்தில் திருடர்கள் பொன்னுக்காக நுழைந்தார்கள். இங்கே பொன் இல்லாததால் திருடர் வரவில்லை, ஜேசிபி வந்தது. அரைநாளில் ஒரு கல்வட்டம் காணாமல் போகும், ஓட்டுநருக்கு அது சில பாறைகள் மட்டுமே.

சட்டம் இல்லாமல் இல்லை. பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958 சட்டத்துக்கு 2010-ல் வந்த திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடுக்கிறது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி கேட்கச் சொல்கிறது. மண்ணுக்கடியில் பழம்பொருள் கிடைத்தால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878 புதையல் சட்டம் சொல்கிறது. பட்டியலில் ஏறாத கல்வட்டத்துக்கு இந்த 100 மீட்டர் உதவாது. குன்றத்தூர் வட்டத்தில் மனைப்பிரிவுக்கும் கிராவலுக்கும் அனுமதி தரும் அலுவலகங்கள், புல எண் வரைபடத்தில் கல்வட்டம் இருக்கும் இடங்களை முதலில் குறித்துவிட்டுப் பிறகு கையெழுத்திட வேண்டும். கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு அந்தக் கணக்கெடுப்பை ஒரு பருவத்து வேலையாகக் கொடுக்கலாம். உங்கள் மனையிலோ பக்கத்துக் காலி நிலத்திலோ பாறைகள் வட்டமாகக் கிடந்தால், தோண்டிப் பார்க்காதீர்கள். படம் எடுத்து, புல எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் கொடுங்கள்.